ஐம்பது கன அடி

பேணாட் ஸாம்பியாவிலிருந்து அனுப்பிய பட்டியலில் தையல் மெசின் ஏழாவதாக இருந்தது. அதற்கு மேலே அம்மி, கீழே இடியப்ப உரல். நடுவில் அவனுடைய சாய்ந்த எழுத்தில், "மெசின், காலோடு" என்று எழுதியிருந்தான்.

சீலா அதை மேசைக்கு எதிர்ப்புறம் இருந்து தலைகீழாக வாசித்தாள். கடிதம் தம்பியின் மனைவி றீற்றாவுக்கு வந்தது. அதனால் அவள் வாசித்து முடித்துத் தரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆனால் பதினேழு வருடமாக ஊசிக் காதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தலைகீழ் எழுத்து ஒரு பொருட்டில்லை. அன்று பின்னேரம் சீலா வழக்கத்துக்கு மாறாக இரண்டு தேத்தண்ணி குடித்தாள்.

பேணாட் அங்கே ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கப் போய் ஒன்றரை வருடம். றீற்றா திருகோணமலைப் பட்டினத்தில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை. செப்டெம்பர் கடைசியில் அவளும் போகிறாள். வீட்டுச் சாமானுக்கு ஐம்பது கன அடி வரை கப்பல் கூலியை அந்த நாட்டு அரசாங்கமே கொடுக்கும். நிறை பற்றிக் கேள்வியில்லை, கொள்ளளவுதான் கணக்கு. அதனால்தான் அம்மிகூடப் பட்டியலில் இருந்தது. மூங்கில் கூடை கல்லைவிடக் கூலி கூடிய சாமான் என்று றீற்றா விளக்கினாள். வகுப்பில் சொல்லுவதைப் போலவே சொன்னாள்.

பிறகு, பிள்ளைகளின் கொப்பி திருத்தும் சிவப்புப் பேனையை எடுத்து, ஏழாம் இலக்கத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"இதை நான் கொண்டுபோக மாட்டன் மச்சாள். அவருக்கு விசர். உங்கட சீவனத்தை எடுத்துக்கொண்டு போய் நான் அங்க என்ன செய்யிறது?"

சீலா கையிலிருந்த சட்டைக் கொலரைக் கீழே வைத்தாள்.

"அவன் கேட்டிருக்கிறான்தானே. கொண்டுபோம்."

"நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும்," என்றாள் றீற்றா. அவளுடைய கண் கலங்கியிருந்தது.

தொல்லை அங்கேதான் தொடங்கியது.

அந்த மெசினைச் சீலாவுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய தகப்பன் சூசைப்பிள்ளை. வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன ஐம்பத்தேழாம் ஆண்டில், கடற்படைத் தளத்தில் அவருக்கு வேலை போனது. கையில் கொஞ்சக் காசு கிடைத்தது. அதில் மகனின் படிப்புக்கு ஒரு பங்கை ஒதுக்கினார். மகளுக்கு மெசின். "ஆர் கைவிட்டாலும் இது கைவிடாது" என்று மகளின் இருபத்துநாலாவது பிறந்தநாளில் சொன்னார். ஆனால் மெசினும் சீலாவை விடவில்லை. பேணாட் பட்டம் எடுக்கும்வரை அது ஓடியது. சூசைப்பிள்ளை படுக்கையில் விழுந்து மருந்து குடித்த மூன்று வருடமும் ஓடியது. அவர் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த இரண்டு பேரில் ஒருவர், "தைக்கிற பிள்ளை, வருமானம் இருக்கு" என்று புகழ்ந்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

இந்தப் பட்டினத்தில் தைக்கிறவளுக்கு ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது. நத்தார் முடிந்தால் தைப்பொங்கல். பிறகு பள்ளிக்கூடம் தொடங்கும் வெள்ளைச் சட்டைகள், உயிர்த்த ஞாயிறு, முதல் நன்மைச் சட்டைகள், சித்திரை வருடம். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் வருடாவருடம் பத்து நாள் முன்னுக்கு நகர்ந்து வந்து, எங்காவது கொஞ்சம் மூச்சு விடக் கிடைத்த கிழமையில் போய் உட்காரும். ஐப்பசியில் தீபாவளி. மூன்று சமயத்தையும் ஒருத்தி மிதித்தே நடத்திவைப்பதுபோல் சீலாவுக்குத் தோன்றும். அதுவும் இந்த இரண்டு வருடமாகப் புதுத் துணி கிடைப்பதில்லை. வருவதெல்லாம் பழசு. நைந்த கொலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கவேண்டும், தகப்பனின் காற்சட்டையை வெட்டி மகனுக்கு ஆக்கவேண்டும். புதுத் துணியைவிட மூன்று மடங்கு வேலை.

பூசையில் முழங்காலில் நிற்க முடியாமல் போய் இரண்டு வருடம். கோயிலின் கடைசி வாங்கில் இருந்துகொண்டே செபம் சொல்லுவாள்.

போன மாசியில் ஒரு யோசனை வந்தது. வீடு அவள் பேரில் இருக்கிறது. முன் அறையையும் விறாந்தையையும் வாடகைக்குக் கொடுக்கலாம். மூதூரிலிருந்து பட்டினத்து ஆசுபத்திரிக்கு மாற்றலாகி வந்த றம்ஸியா என்ற மருத்துவிச்சி தாயோடு இருக்க இடம் தேடுகிறாள், இரண்டு தரம் கேட்டும் விட்டாள். அந்த வாடகை, பத்துக் கோழி, நாலு தென்னை. ஒருத்திக்குப் போதும். ஆனால் முன் அறையில் மெசின் இருந்தது. அது சன்னலுக்குக் கீழே இருக்கும்வரை, "நான் இப்ப தைக்கிறதில்லை" என்று ஒருவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லுவது? ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது சொல்லிப் பார்த்தாள். கட்டிலடியில் துணியை வைத்துவிட்டு, "சுகமானாப் பிறகு பாருங்கோ, அவசரமில்லை" என்று போனார்கள்.

மெசின் கடல் கடந்து போனால் சொல்லத் தேவையே இல்லை.

அதனால் அவள் றீற்றாவிடம் மறுபடி சொன்னாள். காலையில் சொன்னாள், இராச் சாப்பாட்டில் சொன்னாள். "எனக்கு அது தேவையில்லை றீற்றா, மெய்யாத்தான்." எவ்வளவு சொன்னாளோ அவ்வளவுக்கு றீற்றா உருகினாள். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, பாலையூற்றுக் கோயில் வாசலில் அந்தப் பள்ளிக்கூடத்து மதர் சீலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டனான். தம்பிக்காக உள்ளதையே குடுக்கிற மனம். எத்தினை பேருக்கு வரும்?"

"அப்பிடி ஒண்டும் இல்லை மதர். உண்மையில எனக்கு..."

"பாருங்கோ, அதைச் சொல்லவும் கூச்சப்படுறா," என்றார் மதர், பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம்.

சீலாவின் நல்ல பேர் நாளுக்கு நாள் ஏறியது. மெசின் நின்ற இடத்தில் நின்றது.

ஆடி மாதத்துக் கச்சான் காற்றோடு பேணாட்டின் அடுத்த கடிதம் வந்தது. அவனுக்குக் கோபம். ஒரு சேட் தைக்கக் கொடுத்தால் ஒன்றரை மாதம் ஆகிறதாம், கை இரண்டும் இரண்டு நீளமாம். ஏழாம் இலக்கம் கட்டாயம் என்று கீழே கோடிட்டிருந்தான். அக்கா மறுக்கமாட்டா என்றும் எழுதியிருந்தான். அந்த வரியை றீற்றா சத்தமாக வாசிக்கவில்லை. சீலா தலைகீழாக வாசித்துக்கொண்டாள். அவன் சொல்வது சரிதான், அவள் மறுக்கவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யப் பிடிக்காமல் இருந்தது.

றீற்றா சிவப்புக் கோட்டுக்கு மேல் மீண்டும் 'மெசின்' என்று எழுதினாள். எழுதிவிட்டு அழுதாள். சீலா அவளுக்கு முதுகைத் தடவிவிட்டாள். வேறென்ன செய்யலாம்?

அன்று தொடங்கி வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். "மெசின் ஆபிரிக்காவுக்குப் போகுது." அந்த வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த ஆக இனிமையான வசனம் அது. ஒரு மாதத்துக்கு முன்னமே பழைய துணிகளைத் தைத்து முடித்துத் திருப்பிக் கொடுத்தாள். புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. எட்டுத் தெருவுக்குத் துணி சேர்த்துக் கொண்டுவரும் நஜ்முன் நிஸா, படியில் இருந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அல்லாஹ்வே! பெருநாளுக்கு நாங்க என்ன செய்யிற சீலாக்கா? சாக்கையா சுத்துற?"

"கடைத்தெருவில ரெண்டு பேர் தைக்கினம்."

"அவனுகள் அளவெடுக்கிறதா? நான் போக ஏலுமா? உங்கட தம்பிக்கு ஒரு கடிதம் போடுங்க, பெருநாள் கழிஞ்சு அனுப்புறோம் எண்டு."

"கப்பல் நிக்காது," என்றாள் சீலா.

றம்ஸியாவையும் வரச் சொல்லி, முன் அறையைத் திறந்து காட்டினாள். ஒக்டோபர் முதலாந் தேதி வரலாம் என்று பேச்சு.

பெட்டி செய்ய றீற்றா பிடித்த ஆள் ஸெய்னுதீன், குறிஞ்சாக்கேணிக்காரர். தோணி கட்டுகிறவர். தோணி வேலை இல்லாத நாட்களில் கிண்ணியாத் துறையைக் கடந்து பட்டினத்துக்கு வந்து கதவு, கட்டில் என்று செய்வார். றீற்றா ஒரு தாளில் படம் கீறிக் கொடுத்தாள். ஐந்தடி, நாலடி, இரண்டரை அடி. பெருக்கினால் சரியாக ஐம்பது. ஒவ்வொரு சாமானையும் அளந்து, எது எந்த மூலையில் என்றுகூடக் குறித்திருந்தாள்.

ஸெய்னுதீன் விறாந்தையில் நாலு நாள் இருந்து செய்தார். பலகை முழு அங்குலத் தடிப்பு. மூலையெல்லாம் இரட்டை ஆணி. அடியில், சங்கிலி போட்டுத் தூக்குவதற்கு மூன்று அங்குலக் கட்டைகள். கடைசி நாள் பொருத்துகளில் கீல் பூசப் போனவரை றீற்றா தடுத்தாள்.

"நானா, இது பெட்டி. தோணி இல்லை."

"கடல்ல போற சாமான்தானே டீச்சர்? கப்பல் தாண்டாலும் இது மிதக்கும். உங்கட அம்மி மட்டும் ஸாம்பியாவுக்குப் போய்ச் சேரும்."

மறுநாள் கப்பல் முகவர் கந்தோரிலிருந்து தவராசா என்ற இலிகிதர் சைக்கிளில் வந்தார், பெட்டியை அளந்து, அச்சடித்த பாரத்தாளில் எழுத. அளவு நாடாவை வெளியே பிடித்தார். ஐந்தடி இரண்டங்குலம். நாலடி இரண்டங்குலம். குனிந்து, அடிக்கட்டையிலிருந்து மூடி வரைக்கும் பிடித்தார். இரண்டடி பதினொரு அங்குலம். பாரத்தின் பின்பக்கத்தில் பெருக்கினார். மறுபடி பெருக்கினார்.

"அறுபத்திரண்டே முக்கால்," என்றார். "பன்னிரண்டே முக்கால் கூட."

"இருக்காது," என்றாள் றீற்றா. "ஐம்பது."

"உள்ளளவு ஐம்பதா இருக்கும் மிஸ். கப்பலில பெட்டி பிடிக்கிறது வெளியளவைத்தானே."

றீற்றா பெட்டியைப் பார்த்தாள். ஆர்க்கிமிடீசைப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் படிப்பிக்கிறவள். காது சிவந்துவிட்டது.

"நீங்க உள்ளளவு தந்தீங்க, நான் உள்ளளவுக்குச் செஞ்சன்," என்றார் ஸெய்னுதீன், யாரும் கேட்காமலே. "தோணிக்கும் நாங்க அப்பிடித்தான் கேக்கிற. எத்தின பேர் இரிக்கிற எண்டு."

"குறைக்க ஏலுமா நானா?"

அவர் பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "உயரத்தில எட்டு அங்குலம் அறுத்தாச் சரி. பின்னேரத்துக்குள்ள செஞ்சு தாறன். ஆனா சாமான் கொள்ளணுமே."

றீற்றா தன் தாளை விரித்தாள். சிவப்புப் பேனையால் கூட்டிக் கழித்தாள். திடீரென்று முகம் தெளிந்தது. பல நாளாக அவளுக்கு இருந்த ஒரு பாரம் இறங்கியதுபோல் சிரித்தாள்.

"மச்சாள்! மெசின் மூன்றடி நீளம், ஒண்டரை அகலம், இரண்டரை உயரம். பதினொண்டே கால். அதை எடுத்தா மிச்சமெல்லாம் கிட்டத்தட்டக் கொள்ளும். அவருக்கு நான் எழுதுறன். கணக்கு அப்பிடித்தான் வருது, நான் என்ன செய்ய ஏலும்? கடவுள் பாத்துச் செய்த வேலை இது."

சீலா வாசற்படியில் நின்றாள். காற்று மரத்தூளைக் கிளப்பி விறாந்தையெல்லாம் பரப்பிக்கொண்டிருந்தது. றம்ஸியாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. நஜ்முன் நிஸாவின் எட்டுத் தெருவும் நினைவுக்கு வந்தது. தோளுக்குக் கீழே, தைக்கும்போதெல்லாம் வலிக்கும் இடம் இப்போதே வலித்தது. இன்னும் ஒருதரம் "கொண்டுபோம்" என்று சொல்லலாம். சொன்னால் றீற்றா இன்னும் கொஞ்சம் அழுவாள், மதர் இன்னொருமுறை கையைப் பிடிப்பார்.

அவள் உள்ளே போனாள். மெசினின் லாச்சியிலிருந்து திருகாணி முடுக்கியை எடுத்தாள். சீலையைச் சொருகிக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.

முதலில் தோல் வார். அது கொக்கியிலிருந்து ஒரு தட்டோடு கழன்றது. பின்னால் இரண்டு ஆணி, மெசினின் தலை கையோடு வந்தது. பழைய படுக்கை விரிப்பில் அதைச் சுற்றி வைத்தாள். பலகையில் நாலு ஆணி. மூன்று கையால் வந்தன, நாலாவது துருப்பிடித்திருந்தது. ஸெய்னுதீன் கேட்காமலே குறடு கொண்டுவந்து கொடுத்தார். சில்லு. மிதி. குறுக்குச் சட்டம். கடைசியில் இரும்புக் கால் இரண்டும், மீன் முள் மாதிரித் தட்டையாக, ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன.

"தவராசா தம்பி, இதை அளவுங்கோ," என்றாள்.

தவராசா அளந்தார். கால் இரண்டும் சேர்த்து இரண்டு அங்குலத் தடிப்பு. பலகை ஓர் அங்குலம். தலைக்கு ஒன்றரை கன அடி. "எல்லாம் சேத்து மூண்டு, மூண்டரை," என்றார். "நீங்கள் மற்றதெல்லாம் காத்துக்குக் கூலி குடுக்கப் பாத்திருக்கிறியள் மிஸ்."

"மெசின் கழண்டு வருமெண்டு எனக்குத் தெரியாது," என்றாள் றீற்றா மெதுவாக. பிறகு, "விடுங்கோ மச்சாள். எங்களுக்காண்டி இப்பிடி உங்களை வருத்தி..."

"உங்களுக்காண்டி இல்லை."

சீலா நிலத்திலிருந்து எழும்ப முயன்றாள். முழங்கால் விடவில்லை. அப்படியே இருந்தாள்.

"எனக்குத் தைக்கப் பிடிக்காது றீற்றா. களைச்சுப் போனன். இந்தச் சனியன் போனாத்தான் நான் இருக்கலாம். அதுதான் கொண்டுபோம் கொண்டுபோம் எண்டு மூண்டு மாசமாச் சொல்லுறன். நீர் கேக்கிறீர் இல்லை."

தவராசா பாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஸெய்னுதீன் மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் போனார்.

"எப்பவில இருந்து?" என்று கேட்டாள் றீற்றா.

"ஒரு பத்து வருசம் இருக்கும்."

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் இந்த வீட்டுக்கு வந்தே ஆறு வருசம்."

"என்னெண்டு சொல்லுறது? ஐயா வாங்கித் தந்தது. ஊர் முழுக்க அக்கா அக்கா எண்டு வந்து நிக்குது. பிடிக்கேல்லை எண்டு சொல்ல அது என்ன கறியா?"

றீற்றா அவளுக்கு எதிரே நிலத்தில் இருந்தாள். கழன்ற மிதியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். கையெல்லாம் எண்ணெய்.

"எனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது மச்சாள். தெரியும்தானே உங்களுக்கு?"

"தெரியும்."

"அங்க கொண்டுபோய் நான் என்ன செய்யிறது?"

"சன்னலுக்குக் கீழ வையும். ஒரு துணியைப் போட்டு மூடும். மேல பூச்சாடி வைக்கலாம், நல்ல பலகை. ஆனா ஒருத்தருக்கும் தைச்சுக் குடுக்காதையும். முதல் சட்டையோட முடிஞ்சுது உம்மட கதை."

றீற்றாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. "மதருக்கு நான் என்ன சொல்லுவன்? உங்களைப் பற்றி எவ்வளவு சொல்லி வைச்சிருக்கிறன்."

"ஒண்டும் சொல்ல வேண்டாம். கிடக்கட்டும், நல்ல பேர்தானே."

பின்னேரம் பெட்டி எட்டு அங்குலம் குறைந்தது. இரும்புக் கால்களை அடியில் போட்டு, அவற்றின் இடைவெளிகளில் இடியப்பத் தட்டுகளை நிறுத்தினார்கள். மெசின் தலை சோறு காய்ச்சும் பெரிய கிடாரத்துக்குள் போனது. மூங்கில் கூடைகள் மூன்றை மட்டும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மூடி அடிக்க முன்னர் சீலா உள்ளே போய், பெரிய கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் கொண்டுவந்து மேலே வைத்தாள்.

"அது பட்டியலில இல்லையே," என்றாள் றீற்றா.

"இடம் கிடக்குத்தானே."

தவராசா மறுபடி அளந்தார். நாற்பத்தெட்டே கால் சொச்சம். பாரத்தில் எழுதி றீற்றாவிடம் ஒப்பம் வாங்கினார். அடுத்த நாள் லொறி வந்து பெட்டியைக் கொழும்புக்கு ஏற்றிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் காலையில் நஜ்முன் நிஸா வந்தாள். கையில் ஒரு பொட்டலம், சங்கக்கடையில் எப்படியோ கிடைத்த பூப்போட்ட துணி. படியில் ஏறாமல் சன்னல் வழியாக முன் அறையை எட்டிப் பார்த்தாள். சீமெந்துத் தரையில் நாலு துருப் புள்ளிகள் இருந்தன.

"மெய்யாவே போயிற்றா?"

"போட்டுது."

"நான் சும்மா சொல்லுறீங்க எண்டு நினைச்சன்." அவள் உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். பொட்டலத்தை மடியில் வைத்துத் தடவினாள். "சின்னவளுக்கு ஒரு சட்டைதான் சீலாக்கா. கையால ரெண்டு தையல் போட்டாப் போதும். ஊசி இரிக்குத்தானே?"

ஊசி இருந்தது. ஊசியை மறந்துவிட்டாள். அலுமாரியில், பழைய பிஸ்கட் தகரத்தில், ஒரு கட்டை வெள்ளை நூலோடு இருந்தது. அந்தத் தகரத்தை எடுத்து வருவது அரை நிமிட வேலை.

"ஏலாது, நிஸா," என்றாள் சீலா.

நஜ்முன் நிஸா அவளைப் பார்த்தாள். சீலா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெசின் போய்விட்டது என்று இன்னொருமுறை சொல்லவில்லை.

"அப்ப சரி," என்றாள் நஜ்முன் நிஸா கடைசியில். "வெயிலுக்குள்ள வந்தன். ஒரு பிளேன்ரியாவது தாங்க."

இரண்டு பேரும் குடித்தார்கள். யாருடைய மகள் ஸலாமத்தாகப் பெற்றாள், பாணுக்கு எத்தனை மணிக்குப் போய் நிற்கவேண்டும் என்று பேச்சுப் போனது. நஜ்முன் நிஸா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு, சீலா கோப்பைகளைக் கழுவ எழும்பவில்லை. சன்னலுக்குக் கீழே, மெசின் நின்ற இடத்தில், கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.

கொஞ்ச நேரத்தில் வலது கால் தானாகவே தரையை மிதிக்கத் தொடங்கியது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு இடது காலைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டாள்.